பூட்டிய அறைக்குள் ஒரு டம்பெல்

கதவு சாத்தப்பட்டதும் நான் திரும்பிக் கைப்பிடியைத் தேடினேன். இரும்புக் கதவு. பூட்டு வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை.

"அண்ணி, இந்தப் பக்கம் பிடிச்சு இழுக்க ஒண்ணுமே இல்ல."

"பாத்தேன் தம்பி."

"தெரிஞ்சேதான் உள்ள வந்தீங்களா?"

"வேலை உள்ளதானே இருக்கு. நீ வெளிய நின்னு என்ன கிழிக்கப் போற?"

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்துகொண்டு, செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர்களை டீக்கடையில் போய்ப் பிடித்து வந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் ஜெராக்ஸ் மெஷின் விற்றுக்கொண்டிருந்து, பிறகு விற்காமல் இருந்து, வீட்டில் சும்மா கிடக்கிறானே என்று அண்ணனால் அண்ணியின் தலையில் கட்டப்பட்டவன். உதவியாளர் என்று அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் நின்ற இடம் ஓர் அச்சகத்தின் அடித்தளம். அங்கே தேர்வுக் கேள்வித்தாள் தயாராகிறது. கேள்வியைப் பார்த்தவர் எவராக இருந்தாலும் தேர்வு தொடங்கும்வரை வெளியே வரக் கூடாது. விசாரிக்க உள்ளே போகிறவருக்கும் அதே சட்டம்தான். இன்று பத்து மணிக்குத் தேர்வு, பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும். அப்போது ஏழரை. செல்போன்களை மேலே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறையில் ஜன்னல் கிடையாது. சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்குச் சுவரில் ஒரு திறப்பு உண்டு, அதன் தகரக் கதவும் வெளியிலிருந்துதான் திறக்கும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் கழிவறை.

கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயதிருக்கும். அச்சகத்தில் எல்லோரும் அவளை 'ஒற்று' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்தத் தாளில் எந்த ஒற்று விடுபட்டாலும் கண் போய் அங்கே நிற்குமாம். கேள்வித்தாளை டைப் செய்ததும் பிழை பார்த்ததும் அவள் ஒருத்திதான். ஒன்பது நாளாக இந்த அறையில் இருக்கிறாள். ஆனாலும் கேள்விகள் வெளியே போயிருக்கின்றன.

"நான் எடுத்துட்டுப் போகல மேடம்," என்றாள். அழுது முடித்த குரல். "எப்படி எடுத்துட்டுப் போவேன்? நானே வெளிய போகல."

"தெரியும்மா. அதான் எனக்கும் பிடிபடல," என்றார் அண்ணி.

விஷயம் இதுதான். நேற்று மாலை ஒரு துண்டுச்சீட்டு தேர்வு ஆணையத்தின் கையில் சிக்கியது. ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் ஐந்து நாளைக்கு முன்பே அதைக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அச்சடிக்கவே தொடங்கவில்லை. ஆகவே அச்சு மெஷின்காரர்கள் மேல் பழி போட வழியில்லை. கேள்விகளைப் பார்த்தவள் ஒற்று மட்டும்தான். இப்படி ஓர் அவசரத்துக்காகக் கடைசி மூன்று நாளில் ஒற்று டைப் செய்த மாற்றுத் தாளை வைத்துத் தேர்வு நடத்தப் போகிறார்கள். பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் போலீஸ் நிற்கும். அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி எங்களை அனுப்பியவர் அச்சகத்தின் முதலாளியம்மா.

அண்ணி மேசையில் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்று கேள்வித்தாள், மற்றது அந்தத் துண்டுச்சீட்டின் நகல்.

"அறுபது கேள்வி தம்பி. சீட்டுல முப்பத்தொண்ணுதான் இருக்கு. மீதிய ஏன் விட்டான்?"

"பேனாவுல மை தீந்துருக்கும்."

"டிட்டிகாக்கா ஏரி இருக்கு. மொலிப்டினம் இருக்கு. பிளாட்டிப்பஸ் இருக்கு. பால்ல என்ன சத்துங்கிற கேள்வி இல்ல. ரயில் கணக்கு இல்ல. பதினஞ்சு கணக்குல ஒண்ணுகூட இல்ல."

"திருடன் கணக்குல என்னை மாதிரி. பாத்ததும் பக்கத்தத் திருப்பிட்டான்."

"சரி, டிட்டிகாக்காவுக்குச் சீட்டுல என்ன எழுதியிருக்கு, படி."

படித்தேன். "எங்கே உள்ளது? எந்த இரு நாடுகளுக்கு நடுவில்? கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?"

"கேள்வித்தாள்ல?"

"எந்த இரு நாடுகளுக்கு நடுவில். அவ்வளவுதான்."

"கேள்வியத் திருடினவன் எதுக்கு ஒண்ணுக்கு மூணா எழுதணும்?"

"தாராள மனசு."

"இல்லடா. அவனுக்குக் கேள்வி தெரியாது. பேரு மட்டும்தான் தெரியும். பேர வெச்சு என்னென்ன கேக்கலாம்னு குத்துமதிப்பா எழுதியிருக்கான்."

அந்த நேரத்தில் தகரக் கதவு 'கிரீச்'சென்று திறந்தது. திறப்பில் ஒரு முகம் தெரிந்தது. அச்சகத்தின் இன்சார்ஜ். இந்த அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. எங்களை உள்ளே விட்டுப் பூட்டியதும் அவர்தான். மூன்று டம்ளர் டீ வந்தது, பின்னாலேயே டைப் செய்த இரண்டு பக்கமும் வந்தது.

"ஒற்று, நான் உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். தெரியாம நடந்துபோச்சுன்னு இதுல எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டுடு. வேலை போகும், அத்தோட விட்டுடுவாங்க. பத்து மணிக்கு நேரா உன் பொண்ணுகிட்டப் போயிடலாம். போடலேன்னா போலீஸ் வண்டிதான்."

"யோசிச்சுச் சொல்லட்டும் சார்," என்றார் அண்ணி.

"ஒன்பதரைக்கு வரேன்." தகரம் மூடிக்கொண்டது.

ஒற்று அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எட்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா மேடம். ஒன்பது நாளா அவ குரலக்கூடக் கேக்கல. போட்டுட்டுப் போயிடலாமான்னு தோணுது. எனக்கு இந்த ரூம்ல இருக்க முடியல."

எனக்கும் முடியவில்லை. வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருந்தது. டீயைக் குடித்தேன். அது இன்னும் மோசம்.

அண்ணி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். "இதுல இன்டர்நெட் இருக்கா?"

"கிடையாது மேடம். பிழைதிருத்தி மட்டும் இருக்கு. தெரியாத சொல் வந்தா கீழ சிவப்புக் கோடு போடும்."

"திரையில எங்கயும் சிவப்பே காணோமே. டிட்டிகாக்கா எல்லாம் இந்த மெஷினுக்கு அத்துப்படியா?"

"முதல்ல தெரியாது. நான் புத்தகத்துல சரிபாத்துட்டு, 'அகராதியில் சேர்'னு அமுக்குவேன். அப்புறம் கோடு வராது."

"'புறக்கணி'ன்னு ஒரு பட்டன் இருக்கே. அத அமுக்கினாலும் கோடு போயிடுமே?"

"அத அமுக்கக் கூடாதுன்னு ஆர்டர். ஒவ்வொரு சொல்லையும் சேத்தே ஆகணும். அடுத்த தடவை உதவுமாம்."

"வீட்டுல பழைய பிளாஸ்டிக் கவர சேத்து வைக்கிற கதைதான்," என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, திரையின் மூலையில் 'டிங்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது.

புதிய சொல்: டம்பெல்.

ஒற்று பழக்கதோஷத்தில் கையை நீட்டிச் 'சரி' என்பதை அமுக்கினாள். பெட்டி மறைந்தது. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்னது?"

"அடிக்கடி வரும் மேடம். தொல்லை. பாக்காமலே அமுக்கிடுவேன்."

"கேள்வித்தாள்ல உடற்பயிற்சி பத்தி ஏதாவது கேள்வி இருக்கா?"

"இல்லையே."

"அப்ப பூட்டின ரூமுக்குள்ள டம்பெல் எப்படிம்மா வந்துது?"

சேர்த்த சொற்களின் பட்டியலைத் திறக்கச் சொன்னார் அண்ணி. ஒற்றுவின் சொற்களுக்கு நடுவே அவள் ஜென்மத்தில் டைப் செய்யாத சொற்கள் உட்கார்ந்திருந்தன. ஜும்பா. சிக்ஸ்பேக். லேமினேஷன். மேல்மாடியில் இரண்டு பெண்கள் கடைகளுக்கு நோட்டீஸ் டைப் செய்கிறார்களாம். அதில் ஏதோ ஓர் உடற்பயிற்சிக்கூடமும் இருக்கிறது போல.

"ஆமா," என்றாள் ஒற்று மெதுவாக. "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஒயர் இழுத்தாங்க. மேலயும் கீழயும் ஒரே அகராதி இருக்கணும்னு. சொல்பட்டியல் மட்டும்தான் அதுல போகும். வெறும் சொல்லுதானேன்னு நான் பெருசா நினைக்கல."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார்.

"வெறும் சொல்லுதான். ஆனா சிவப்புக் கோடு விழுந்த சொல்லு. பால், ரயில், கூட்டல், கழித்தல் இதெல்லாம் மெஷினுக்கு முன்னாடியே தெரியும். கோடு விழல, அதனால வெளிய போகல. டிட்டிகாக்கா தெரியாது. கோடு விழுந்துது, நீ சேத்த, அடுத்த நொடி மேல போயிடுச்சு. சீட்டுல இருக்கிற முப்பத்தொண்ணும் நீ சேத்த சொல்லுதான். மாற்றுத் தாளுக்குச் சேத்தத விட்டுட்டு எண்ணிப் பாரு."

ஒற்று விரல் வைத்து எண்ணினாள். எண்ணிக்கொண்டே சொன்னாள். "அப்ப நாந்தான் அனுப்பியிருக்கேன். ஒவ்வொண்ணா, என் கையாலயே அனுப்பியிருக்கேன்."

"நீ வேலை பாத்தம்மா. அனுப்பினது அந்த ஒயரு."

"மேல இருக்கிற ரெண்டு பேருல ஒருத்தி கில்லாடி," என்றேன்.

"அவசரப்படாத தம்பி. என்னம்மா, முப்பத்தொண்ணுதானா?"

ஒற்று நிமிர்ந்தாள். "முப்பத்திரண்டு வருது மேடம்."

"மிச்சம் ஒண்ணு என்ன?"

அவள் விரல் அந்தச் சொல்லின் மேல் நின்றது. "மிம்மிலி."

"அது எந்த நாட்டு ஏரி?" என்று கேட்டேன்.

"என் பொண்ணு. வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவோம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மூணாவது நாள் ஒரே தவிப்பா இருந்துது. சும்மா அவ பேர அடிச்சுப் பாத்தேன். கீழ சிவப்புக் கோடு வந்துது. என் குழந்தை பேருக்குக் கீழ அது இருக்கிறத என்னால பாக்க முடியல. அதனால சேத்துட்டேன்."

ஏரி என்று கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். பகடி பேசுகிறவன்தான், அதற்காகக் கல் இல்லை.

அண்ணியின் கண் மட்டும் சீட்டிலேயே இருந்தது. "பாரு தம்பி. மத்த முப்பத்தொண்ணையும் வரிசையா எழுதினவன் மிம்மிலிய மட்டும் விட்டுட்டான். தெரியாத ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பான்?"

நான் யோசித்தேன். "'மிம்மிலி: எந்த நாட்டில் உள்ளது? எப்போது கண்டுபிடிக்கப்பட்டது?'ன்னு எழுதியிருப்பான்."

"எழுதல. இது ஒரு குழந்தையோட செல்லப் பேருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒற்று, இந்த ஆபீஸ்ல அந்தப் பேரு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம். அலுவலகப் படிவத்துலகூட நிஜப் பேருதான். வீட்டுக்குக் கடிதம் மட்டும் எழுதுவேன். அதுல கேள்வி ஏதும் போகுதான்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

"யாரு படிப்பாங்க?"

"இன்சார்ஜ் சார்."

"ஒயர் இழுக்கச் சொன்னது?"

"அவருதான்."

"புறக்கணிக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டது?"

அவள் தலையாட்டிவிட்டு சுவர்த் திறப்பைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ஆளைக் கண்டுபிடித்தாயிற்று, ஆனால் சாவி அவன் இடுப்பில். நாம் கத்தினால் கேட்கப்போகிற ஒரே காதும் அவனுடையதுதான். பத்து மணிக்குக் கதவைத் திறப்பதற்குள் மேலே இருக்கிற அவன் பட்டியலை அழித்துவிட்டால் நம் பேச்சுக்கு என்ன ஆதாரம்? எலி தானாகப் பொறிக்குள் வந்து, பொறி வைத்தவன் யார் என்றும் கண்டுபிடித்திருக்கிறது. கெட்டிக்கார எலிதான், என்ன பிரயோஜனம்?

மணி ஒன்பது இருபது.

"தம்பி, இந்த ரூம விட்டு வெளிய போகக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் அண்ணி. அவர் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுதான்," என்றேன். "ஆனா ஒவ்வொரு சொல்லாத்தான் போகும்."

ஒற்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். "இடைவெளி விட்டா பட்டியல் ஏத்துக்காது. முழு வாக்கியத்தையும் ஒட்டி அடிக்கணும். பாக்கச் சகிக்காது, ஆனா போகும். மேல இருக்கிறவங்க திரையில பெட்டியா வரும்."

"அவங்களும் உன்னை மாதிரியே பாக்காம அமுக்கிட்டா?"

"வேற வேற மாதிரி அனுப்பிட்டே இருக்கணும் மேடம்."

"இன்சார்ஜ் அவன் மேசைக்குத் திரும்பிப் போயிட்டா அவனும் பாத்துடுவான்," என்றார் அண்ணி. "அவன இந்தத் திறப்புலயே நிறுத்தணும். அது உன் பொறுப்பும்மா. அவன் உன் கையெழுத்துக்குத்தான் காத்துட்டிருக்கான். நான் நடுவுல நின்னு மறைச்சுக்கறேன். தம்பி அடிப்பான்."

"அண்ணி, எனக்கு ஒத்தை விரல்தான் ஓடும்."

"அது ஓடட்டும்."

தகரம் திறந்தது. "என்னம்மா முடிவு?"

ஒற்று அந்த இரண்டு பக்கங்களையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு திறப்பருகே போனாள். குரல் நடுங்கவே இல்லை.

"போட்டுடறேன் சார். ஆனா முதல் பக்கத்துல நாலாம் தேதின்னு இருக்கு, ரெண்டாவது பக்கத்துல அதே விஷயம் ஆறாம் தேதின்னு இருக்கு. எது சரி?"

"ஏதோ ஒண்ணு. போடும்மா."

"கோர்ட்டுக்குப் போனா நிக்காது சார். அப்புறம் உங்களத்தானே கேப்பாங்க?"

அவன் இரண்டு பக்கத்தையும் எட்டிப் பார்த்தான். "நாலுன்னு போடு."

நான் அடித்தேன். முதலாளியம்மாவைக்கீழேகூப்பிடுங்க. கீழே நீளமாகச் சிவப்புக் கோடு விழுந்தது. 'அகராதியில் சேர்' என்பதை அமுக்கினேன். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சார், 'நான் தனியாக' அப்படின்னு இங்க இருக்கு. அடுத்த வரியில 'நாங்கள்'னு வருது. இன்னொருத்தர் யாரு சார்?"

"யாரும் இல்ல! அடிச்சுடு அத."

மறுபடி அடித்தேன். ஒற்றுநிரபராதி. சேர்த்தேன். ஒன்றும் இல்லை. மேலே அந்தப் பெண்கள் பார்க்காமலே 'சரி', 'சரி' என்று அமுக்கித் தள்ளுகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. விரல் வியர்த்தது. கடைசியில் வாய்க்கு வந்ததை அடித்தேன்.

டம்பெல்நோட்டீஸ்அடிக்கிறபெண்ணேஉன்னைத்தான்.

டிங்.

புதிய சொல்: யாருப்பாஅது.

அண்ணியின் முதுகு அசையவில்லை.

"என்ன சத்தம் அங்க?" என்றான் இன்சார்ஜ்.

"நோட்டீஸ் ஏதோ போடறாங்க சார் மேல. சார், இந்தப் பத்தி முழுக்க ஒரே வாக்கியமா இருக்கு. எங்க நிறுத்தலாம்?"

நான் அடித்தேன். கீழ்அறைகேள்விதிருடினதுஇன்சார்ஜ்உடனேஅம்மாவைக்கூட்டிவா. நீளத்தைப் பார்த்தால் ரயில் மாதிரி இருந்தது. பட்டியல் அதையும் விழுங்கிக்கொண்டது.

டிங். புதிய சொல்: சத்தியமாவா.

சத்தியமா, என்று அடித்தேன். அதற்கு மட்டும் சிவப்புக் கோடு விழவில்லை, ஆகவே சேர்க்க முடியவில்லை! பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியமாசத்தியமா என்று அடித்துச் சேர்த்தேன்.

"போதும்மா!" இன்சார்ஜ் திறப்புக்குள் கையை விட்டான். "திருத்தினது போதும். தாள இப்படிக் கொடு. நான் மேல போய்ப் புதுசா அடிச்சுட்டு வரேன்."

ஒற்று தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கடைசி வரி சார். ஒரே ஒரு வரி."

"கொடுன்னா!"

டிங். புதிய சொல்: அம்மாவராங்க.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இல்லை, நாலைந்து பேர். இன்சார்ஜின் முகம் திறப்பிலிருந்து விலகியது. அந்த இடத்தில் முதலாளியம்மாவின் மூக்குக்கண்ணாடி வந்தது.

"என்ன நடக்குது இங்க?"

அண்ணி நாலே வரியில் சொன்னார். சிவப்புக் கோடு, ஒயர், முப்பத்தொன்று, மிம்மிலி. முதலாளியம்மா இன்சார்ஜ் பக்கம் திரும்பிக் கேட்டார். "உன் மச்சான் ஏதோ பயிற்சி வகுப்பு நடத்தறான்ல?"

"அம்மா, இவங்க சும்மா..."

"உன் மேசை டிராயர்ல அந்தச் சொல்பட்டியல் பிரிண்ட் இருந்துதாம். டைப் அடிக்கிற பொண்ணு இப்பத்தான் எடுத்துக் கொடுத்தா. பாதிக்கு டிக் போட்டிருக்க." அவர் குரல் உயரவே இல்லை. "மாற்றுத் தாள்ல வர்ற சொல்லும் உன்கிட்டதான் இருக்கு. அந்தத் தாள்தான் பத்து மணிக்குப் போகுது. கேள்வி தெரிஞ்சவன் தேர்வு தொடங்கற வரைக்கும் வெளிய நடமாடக் கூடாது. சாவியக் கொடு."

இரும்புக் கதவு திறந்தது. வெளியே காற்று இருந்தது, வெளிச்சம் இருந்தது, நான் ஓர் அடி எடுத்துவைத்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நமக்கும் பத்து மணிதான் தம்பி."

இன்சார்ஜ் உள்ளே தள்ளப்பட்டான். கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது. மணி ஒன்பது நாற்பத்திரண்டு. நான்கு பேர், ஒரு கட்டில். அவன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை.

ஒற்று அந்த இரண்டு பக்கங்களை மேசையில் வைத்து, சுருக்கம் போக நீவிவிட்டு, சிவப்புப் பேனாவால் மேல் வரியில் ஒரு கோடு இழுத்தாள். ஓரத்தில் ஏதோ எழுதினாள். பிறகு நாற்காலியை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"பதினோரு திருத்தம் சார்," என்றாள். "பதினோராவது, பேரு. என் பேர அடிச்சுட்டு உங்க பேரப் போட்டிருக்கேன். இப்ப சரியா இருக்கு. உக்காந்து கையெழுத்துப் போடுங்க."